பொருள்: மறு: ரீப்ளேஸ்மென்ட் லெவல் – ‘பதிலி மட்டம்’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

பேஸ்பாலில் ‘ரீப்ளேஸ்மென்ட் லெவல்’ என்று சொல்வதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை ‘மாற்று வீரர் நிலை’, ‘ஈடாள் தரம்’, ‘கடைமட்டம்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் ‘பதிலி மட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கையேட்டின் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கப் போகின்றன.

நாம் யாருக்கு எழுதுகிறோம்? அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டில் ஓர் இணைய லீக்கில் சேர்ந்து, முதல்முறையாக அணி நடத்தப் போகிறவருக்கு. இப்படிச் சேர்கிறவர் கைக்குப் பெரும்பாலும் வருவது முந்தைய மேலாளர் விட்டுவிட்டுப் போன அணி. நாற்பது பேர் பட்டியல், அதற்குக் கீழே மைனர் லீக் எனும் கீழ்நிலை அணிகள், திரை முழுக்க எண்கள். லீக் கோப்பை இறக்கி, மாற்றங்களைச் செய்து, அடுத்த சிமுலேஷன் (கணினி ஆட்டங்களை நடத்தும் சுற்று) ஓடுவதற்குள் திருப்பி ஏற்ற வேண்டும். அந்த அவசரத்தில் ஒவ்வொரு பெயரையும் பார்த்து அவர் கேட்டுக்கொள்வது “இந்த ஆள் நல்லா ஆடுவாரா?” என்பதுதான். அவர் கேட்க வேண்டியதோ வேறு: “இவரை விட்டுவிட்டால் இவர் இடத்துக்குச் சுலபமாகக் கிடைக்கிற ஆள் யார்? அந்த ஆளைவிட இவர் எவ்வளவு மேல்?” இந்த இரண்டாவது கேள்வியை நினைவூட்டாத சொல் நமக்குப் பயன்படாது.

கருத்தை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் 2024ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 7,40,000 டாலர். அந்தச் சம்பளத்துக்கு, பண்டமாற்றாக யாரையும் கொடுக்காமல், ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாதவர்கள்) பட்டியலிலிருந்தோ வேவரிலிருந்தோ (வேறோர் அணி கைவிட்டவர்களை எடுத்துக்கொள்ளும் வழி) டிரிப்பிள் ஏ (மைனர் லீக்கின் மேல்படி) அணியிலிருந்தோ நாளைக்கே கொண்டுவரக்கூடியவர் எந்த அளவுக்கு ஆடுவாரோ, அதுதான் நாம் பெயர் தேடும் அந்தக் கோடு. 2013ல் ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஆகிய இரண்டு பேஸ்பால் புள்ளிவிவரத் தளங்களும் இதற்கு ஒரே எண்ணை ஏற்றுக்கொண்டன: முழுக்க அப்படிப்பட்டவர்களை வைத்து ஆடும் அணி .294 விகிதத்தில் வெல்லும். 162 ஆட்டத்துக்கு 47, 48 வெற்றி வரும். ஒரு சீசனில் 30 அணிகளும் சேர்ந்து பெறுவது 2,430 வெற்றி. அதில் 1,000 வெற்றிதான் அந்தக் கோட்டுக்கு மேலே ஆட்டக்காரர்கள் சேர்த்ததாகக் கணக்கு. ஒப்பந்தம், டிரேடு (ஆளுக்கு ஆள் மாற்றுவது), டிராஃப்ட் (புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) என்று எல்லாரும் மோதிக்கொள்வது இந்த 1,000க்காகத்தான்.

இனி சொற்களுக்கு வருவோம்.

> ‘கடைமட்டம்’ எல்லாருக்கும் உடனே புரியும், எளிமையாகவும் இருக்கிறது.

எளிமை உண்மைதான். ஆனால் பொருள் தவறாகிவிடும். கடை என்றால் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இந்தக் கோட்டுக்குக் கீழே தாராளமாக இடம் இருக்கிறது. 1962ல் நியூயார்க் மெட்ஸ் 40 வெற்றி, 120 தோல்வி. 2024ல் சிகாகோ வைட் சாக்ஸ் 41 வெற்றி, 121 தோல்வி. இரண்டு அணிகளும் 47ஐத் தொடவில்லை. தனியாளுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2016 தொடக்கத்தில் கிறிஸ் டேவிஸுக்கு 7 ஆண்டுக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2018ல் அவர் அடித்த சராசரி .168. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேறொருவரை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தியிருந்தால் அணிக்கு நல்லதாக இருந்திருக்கும். புதியவர் கையேட்டைப் படித்துவிட்டுத் தன் அணியில் முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்டவர்களைத்தான். ‘கடைமட்டம்’ என்று எழுதி வைத்தால், அதற்குக் கீழே ஆளே கிடையாது என்று நினைத்துத் தேடாமலே விட்டுவிடுவார்.

‘மாற்று வீரர்’ கிரிக்கெட் வழியாக நம் காதில் ஏற்கெனவே ஏறிய சொல். அதனாலேயே வேண்டாம் என்கிறேன். அதைக் கேட்டதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். நல்ல அணியின் பெஞ்சில் இருப்பவர் இந்தக் கோட்டுக்கு நன்றாகவே மேலே இருக்கலாம், கைவிடப்பட்ட அணியின் பெஞ்சில் இருப்பவர் கீழே இருக்கலாம். நாம் பேசுவது பெஞ்சைப் பற்றியே இல்லை, அணிக்கு வெளியே கிடைப்பவர்களைப் பற்றி.

‘ஈடாள்’ அழகான ஆக்கம். சொல்லவும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஈடு என்றால் சமம். “அவருக்கு ஈடு இணை கிடையாது” என்று சொல்லும்போது அந்தப் பொருள்தான் வருகிறது. இங்கே வருகிறவர் போகிறவருக்குச் சமமானவர் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் அளக்கப் போகிறோம்.

‘பதிலி’ நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல். பஞ்சாலைகளில் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் வேலைக்கு ஏற்றப்படுபவர் பதிலி. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலும் இவருக்குத் தனி வரையறை இருந்தது: பதிவேட்டில் பெயருள்ள இன்னொரு தொழிலாளிக்குப் பதிலாக அமர்த்தப்பட்டவர். வேலை தெரிந்தவர், வாசலில் தயாராக நிற்பவர், ஆனால் தனக்கென்று இடம் இல்லாதவர். டிரிப்பிள் ஏ அணிக்கும் வேவர் பட்டியலுக்கும் நடுவில் அலையும் ஆட்டக்காரரின் நிலை அப்படியே இதுதான். கோவையிலோ மதுரையிலோ மில் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இன்னொரு காரணம், இதிலிருந்து மற்ற சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன. பதிலி, பதிலி மட்டம். அப்புறம், நாம் இதுவரை ‘வார்’ (WAR, அந்தக் கோட்டுக்கு மேல் ஓர் ஆட்டக்காரர் சேர்த்த வெற்றிகள்) என்று ஒலிபெயர்த்து வைத்திருக்கும் அளவுக்குப் ‘பதிலிமிகை’. எண் சுழிக்குக் கீழே போனால் ‘பதிலிக்குறை’. “அவருடைய பதிலிமிகை 3” என்று பேச்சில்கூடச் சொல்ல வருகிறது. முழு சீசன் ஆடும் சராசரி ஆட்டக்காரருக்குப் பதிலிமிகை ஏறத்தாழ 2 என்பதைப் புதியவர் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சொல் நிற்கிறதா என்று பார்க்க, இரண்டாம் அத்தியாயத்துக்கான சில பத்திகளை அதை வைத்தே எழுதிப் பார்த்தேன். படித்துச் சொல்லுங்கள்.

“அணி கைக்கு வந்ததும் யாரையும் டிரேடு செய்யாதீர்கள். முதலில் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலைத் திறந்து, இடம் இடமாகப் பிரித்து, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரத் தயாராக இருப்பவர்களில் மேலே இருக்கும் இரண்டு மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். வேவர் பட்டியலையும் உங்கள் டிரிப்பிள் ஏ அணியையும் அப்படியே பாருங்கள். உங்கள் லீக்கில், இந்த வாரத்தில், பதிலி மட்டம் அதுதான். இனி உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் அந்தக் குறிப்போடு ஒப்பிடுங்கள். 33 வயதில் 60 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு பதிலியைப் போலவே ஆடுகிறவருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம்.

“பதிலி மட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் முழு சீசனுக்கு ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே காக்கும் இடம்) 7.5 ரன் கூட்டுகிறார்கள், ஃபர்ஸ்ட் பேஸுக்கு 12.5 ரன் கழிக்கிறார்கள். நடுவில் 20 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது தோராயமான வாய்ப்பாடு, ஆகவே இரண்டு வெற்றி. ஒரே மாதிரி அடிக்கும் இருவரில் ஷார்ட்ஸ்டாப்பைச் சரியாகக் காக்கிறவருக்கு மதிப்பு அவ்வளவு அதிகம். ஃபர்ஸ்ட் பேஸுக்கு நன்றாக அடிக்கும் பதிலி எப்போதும் கிடைப்பார். கேட்சருக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் கிடைப்பது கடினம், அதனால் அந்த இடங்களில் இருப்பவரை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

“சேர்ந்த முதல் வாரமே உங்களுக்கு ஒரு டிரேடு அழைப்பு வரும்: உங்கள் நட்சத்திரத்தைக் கொடுங்கள், மூன்று நல்ல ஆட்டக்காரர்களைத் தருகிறோம் என்று. எடுத்துக்காட்டாக, நட்சத்திரத்தின் பதிலிமிகை 6, அந்த மூவருக்கு 2, 2, 1 என்று வைத்துக்கொள்வோம். ஹிட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் மூவர் பக்கம்தான் அதிகம் தெரியும். ஆனால் மூவர் வந்தால் 26 பேர் பட்டியலில் இரண்டு இடம் கூடுதலாகப் போகும். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு அந்த இரண்டு இடத்திலும் பதிலிகளைப் போட்டாலே 6 வருகிறது. மூவரை வாங்கினால் 5. சம்பளமும் கூடும்.”

லீக் அளவைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். 30 அணி லீக்கில் 780 பேர் முதல் பட்டியலில் இருப்பார்கள். அதே ஆட்டக்காரர்களை வைத்து 16 அணிகளோடு நடத்தும் லீக்கில் 416 பேர்தான். மீதிப் பேர் வெளியே நிற்கிறார்கள், பதிலி மட்டம் நன்றாக மேலே ஏறிவிடுகிறது, சராசரி ஆட்டக்காரரின் விலை விழுந்துவிடுகிறது. சின்ன லீக்கில் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களை வெளியிலிருந்து நிரப்புவதே நல்ல வழி. உண்மையான மேஜர் லீக் எண்களை அப்படியே கொண்டுவந்து பொருத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

———

மறுமொழி:

தம்பி, கருத்து விளக்கம் நன்று. எனக்கு மூன்று தயக்கங்கள். ஒன்று, ‘பதில்’ அரபு வழியில் வந்த சொல். தனித்தமிழில் ஆக்க இடம் இருக்கும்போது அதை ஏன் எடுக்க வேண்டும்? இரண்டு, கணினித் துறையில் ‘பதிலி’ என்பதை வேறொரு பொருளில், நம் சார்பாக இணையத்தோடு பேசும் வழங்கியைக் குறிக்க எழுதுகிறார்கள். இது கணினி விளையாட்டு என்பதால் குழப்பம் வராதா? மூன்று, ‘மட்டம்’ என்றால் பேச்சில் மோசம் என்று பொருள். ‘மட்டமான ஆட்டம்’ என்கிறோம். ‘பதிலி நிலை’ போதாதா?

———

மறுமொழி:

ஐயா, வணக்கம். மூன்றும் யோசிக்க வேண்டியவைதான்.

பதில் அரபு வழி வந்தது என்பது சரி. ஆனால் ‘அவருக்குப் பதிலாக’ என்று சொல்லாத தமிழர் இல்லை, சட்ட நடையிலும் ஆலை வழக்கிலும் அது வேரூன்றிவிட்டது. வழக்கில் இல்லாத புதுச்சொல்லை வைத்தால், பேஸ்பாலும் புதிது, விளையாட்டும் புதிது, சொல்லும் புதிது என்று படிப்பவருக்கு மூன்று சுமை ஆகிவிடும். இந்தக் காரணத்துக்காகவும் நான் ஈடாளை விட்டுக்கொடுக்கிறேன், அதன் மேல் எனக்கு விருப்பம் குறைவில்லை.

கணினிப் பதிலி பற்றி எனக்குக் கவலை இல்லை. கையேட்டில் வழங்கி பற்றிப் பேசும் இடமே வராது. லீக் கோப்பை ஏற்றுவது பற்றிய பக்கத்தில்கூட அந்தச் சொல் தேவைப்படாது.

மட்டம் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தேன். ‘நிலை’ என்று வைத்தால் ‘பதிலி நிலை’ என்பதை ஒருவருடைய தகுதி அல்லது பதவி என்று படிக்க வாய்ப்பிருக்கிறது, அவர் பதிலி நிலையில் இருக்கிறார் என்பதுபோல. நமக்கு வேண்டியது அளவு தொடங்கும் கோடு. அதற்குக் கடல்மட்டம், நீர்மட்டம் என்று மட்டத்தைத்தான் சொல்கிறோம். ‘மட்டமான’ என்று பெயரடையாக வரும்போதுதான் மோசம் என்ற பொருள் தூக்கலாக நிற்கிறது. கூட்டுச்சொல்லின் பின்பகுதியாக வரும்போது அந்த வாடை இல்லை. ஆகவே ‘பதிலி மட்டமான ஆட்டக்காரர்’ என்று எங்கும் எழுதக் கூடாது, ‘பதிலி மட்டத்தில் ஆடுகிறவர்’ என்றே எழுத வேண்டும் என்று நடைக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பதிலி என்ற பெயர் அந்த ஆட்டக்காரரைத் தாழ்த்துவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013 டிசம்பரில் மெட்ஸ் ஒப்பந்தம் தராமல் விட்ட ஜஸ்டின் டர்னரை டாட்ஜர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. 2014ல் அவர் .340 சராசரியில் அடித்தார். ஓக்லண்ட் விடுவித்த மேக்ஸ் மன்சியையும் அதே டாட்ஜர்ஸ்தான் 2017ல் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. 2018ல் 35 ஹோம் ரன். இருவரும் ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய ஆட்கள். அதனால் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடாமல், ஒவ்வொரு சிமுலேஷன் முடிந்ததும் வேவரையும் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். இதை அந்தப் பத்தியின் முடிவில் சேர்க்கிறேன்.

சொற்பட்டியலுக்கான பதிவு இப்படி இருக்கட்டும்:

பதிலி – குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, டிரேடு இல்லாமல், எந்த அணிக்கும் உடனே கிடைக்கும் ஆட்டக்காரர்.
பதிலி மட்டம் – ஓர் இடத்தில் பதிலி ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடிய ஆட்டத்தின் அளவு. இடத்துக்கும் லீக்குக்கும் ஏற்ப மாறும்.
பதிலிமிகை – பதிலி மட்டத்துக்கு மேல் ஓர் ஆட்டக்காரர் அணிக்குச் சேர்த்த வெற்றிகள்.
பதிலிக்குறை – அந்த மட்டத்துக்குக் கீழே போனதால் அணி இழந்த வெற்றிகள்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டாம் அத்தியாயத்தில் ஏற்றிவிடுகிறேன். ‘வேவர்’ என்பதற்கு இன்னும் நம்மிடம் ஒன்றும் இல்லை, அதற்குத் தனி இழை தொடங்குவோம்.