அப்பிச்சியோட 9 எம்எம் ஒத்தக்குழல் துப்பாக்கி: சுடலாமா, வெறுமனே வைக்கலாமா?

காங்கயத்துக்காரன்:
வணக்கமுங்க. காலமான அப்பிச்சி லைசென்ஸில் இருந்த துப்பாக்கி இப்போ டீலர்கிட்ட டெபாசிட்டில் இருக்குது. வெப்ளி அண்ட் ஸ்காட், போல்ட் ஆக்‌ஷன் (கையால போல்ட்டை இழுத்து மூடற வகை), ஒத்தக்குழல், உள்ளே வரி கிடையாது (ஸ்மூத்போர்), 9 எம்எம் ரிம்ஃபயர் (தோட்டாவோட பின்விளிம்பான ரிம்முல ஊசி தட்டி வெடிக்கறது). கூடவே பால்ரஸ் (சின்ன ஈயக்குண்டு) போட்ட பழைய தோட்டா ஒரு பெட்டி, சிலதுல பச்சை பூத்திருக்குது. பேர் மாத்த என்ன பண்ணோணும்? குழல் நல்லா இருக்குதான்னு எப்படிப் பார்க்கறது? தக்காளிக் காட்டுல மயில் தொல்லை, அதை விரட்ட ஆகுமா?

பவானிக்கரை:
மயில் பேச்சை முதல்ல விட்ருங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்குது. வலையும் மினுக்கு நாடாவும்தான் வழி. இந்தத் துப்பாக்கி ரேஞ்சில் காகிதத்தைச் சுட மட்டும்.

பேர் மாத்தறதுக்கு 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்குன்னு தனியா வழி இருக்குது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகள் எல்லாரோட சம்மதமும் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் பேர்ல ரெண்டு ஆயுதம்தான். ஏற்கெனவே ரெண்டு இருந்தா இது நிக்காது.

விண்ணப்பத்தில் “9 எம்எம்”னு மட்டும் எழுதாதீங்க. தடை செய்யப்பட்ட 9 எம்எம் பிஸ்டல்னு நினைச்சு ஃபைல் அங்கேயே படுத்துக்கும். “9 எம்எம் ரிம்ஃபயர், ஸ்மூத்போர், ஒத்தக்குழல், போல்ட் ஆக்‌ஷன்”னு முழுசா எழுதோணும். டீலர்கிட்டயே குழல் நீளத்தையும் அளந்துக்குங்க: காலின்னு உறுதி பண்ணி, போல்ட்டை மூடி, வாய் வழியா மரக்குச்சி விட்டுக் குறிச்சா போதும். 20 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஸ்மூத்போர் வேற வகையில போயிடும். குழலை அறுத்துச் சுருக்க ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி தனி லைசென்ஸ் வேணும்.

“பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதுக்கு”ன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாதுங்கற நிலையில இருந்தாத்தான் அந்த விலக்கு.

கன்ஸ்மித்_கோவை:
போல்ட்டைக் கழட்டிட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பார்த்து குழலை மெதுவா உருட்டுங்க. உள்ளே மோதிரம் மாதிரி ஒரு நிழல் வட்டம் தெரிஞ்சா அந்த இடம் உப்பியிருக்குது. எப்பவோ அடைப்போட சுட்டிருக்காங்க. அந்தக் குழல் சுவத்துக்குத்தான். கறுப்புப் புள்ளியா அரிச்சிருந்தா அவ்வளவு பயமில்லை, ஈயம் சீக்கிரம் அப்பும், அடிக்கடி துடைக்கோணும்.

அடுத்து சேம்பர் (குழல்ல தோட்டா உக்கார்ற இடம்) விளிம்பு. ரிம்ஃபயர்ல தோட்டா இல்லாம சும்மா தட்டினா, ஊசி நேரா அந்த விளிம்புல மோதிப் பள்ளம் போடும். உலோகம் உள்ளே பிதுங்கும், தோட்டா பாதியில நிக்கும், சுட்ட கூடு வெளிய வராது. ஊசிமுனை மழுங்கறதும் இதனாலதான். மெயின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தா ரிம்முல தழும்பு லேசா விழுந்து, வெடிக்காமப் போகும்.

எல்லாத்தையும் விட முக்கியம், மூடின போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையில இருக்கற இடம். ரிம்ஃபயர்ல அந்த அளவு ரிம்மோட தடிமனைப் பொறுத்தது. போல்ட் தேய்ஞ்சு இடைவெளி கூடினா ரிம்முக்குப் பின்னாடி தாங்கல் இல்லாம கிழிஞ்சு, புகை முகத்துக்கு வரும். கேஜ் வெச்சு லைசென்ஸ் உள்ள பட்டறையில பார்க்கோணும். கண்ணளவு செல்லாது.

முத்திரை பாருங்க. பர்மிங்ஹாம், லண்டன்ல நைட்ரோ புரூஃப் அடையாளம் இருந்தா புகையில்லாத மருந்துக்குச் சோதிச்சது. கறுப்பு மருந்து முத்திரை மட்டும்னா இன்னைக்குத் தோட்டாவே போடாதீங்க.

தோட்டா_அலமாரி:
பச்சை பூத்ததைச் சுட வேண்டாம், டீலர்கிட்டயே ஒப்படைச்சிருங்க. பத்த வைக்கற கேப் மருந்து ரிம்முக்குள்ளேயே அடைச்சிருக்கறதால ரிம்ஃபயரை வீட்ல மறுபடி நிரப்பற பேச்சே இல்லை. புதுசா 9 எம்எம் பால்ரஸ் இங்கே தேடறது கஷ்டம், ஐரோப்பாவுல ஃபியோக்கி மாதிரி கம்பெனிகள் போடுது. ஏறக்குறைய 7 கிராம் ஈயம்தான் இருக்கும், 10 மீட்டர் தாண்டினா காகிதத்துல ஓட்டை ஓட்டையா சிதறும்.

வெடிக்காட்டி உடனே திறக்காதீங்க, குழலை இலக்கு பக்கம் வெச்சு 30 வினாடி காத்திருங்க. தாமதமா வெடிக்கலாம்.

பழைய கேப் மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடிச்சா உப்பு தங்கும். உப்பு எண்ணெயில கரையாது. அதனால அன்னைக்கே குழலைக் கழுவறது சுடுதண்ணியில, அப்புறம் காய வெச்சு, வெண்கல பிரஷ் போட்டு, மெல்லிசா எண்ணெய். தோல் உறையில வெச்சு பூட்டாதீங்க, ஈரம் இழுக்கும். வால்பாறைப் பக்கம்னா சிலிக்கா ஜெல் பை கட்டாயம்.

காங்கயத்துக்காரன்:
பெரியப்பா வீட்ல லைசென்ஸோட இருக்கற இன்னொன்னு .22. ஹேமரே பின்னாடி மூடுது, போல்ட் இல்லை. பெல்ஜியம் முத்திரை, நீள்வட்டத்துக்குள்ள ஈஎல்ஜி. மேலே கிரீடம் இல்லை. அதுக்கு .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா போடலாமுங்களா?

கன்ஸ்மித்_கோவை:
கூடாது. அது ஃப்ளோபேர் வகை. ஃப்ளோபேர்ங்கறவர் 1845ல கொண்டுவந்த தோட்டால கேப் மருந்தோட வேகம்தான், தனியா வெடிமருந்து கிடையாது. பூட்டு எதுவும் இல்லை, ஹேமர் ஸ்பிரிங்தான் பின்னாடி தாங்கி நிக்குது. எல்ஆர் உள்ளே பொருந்தற மாதிரி இருந்தாலும் ஹேமரைப் பின்னாடி தள்ளி, கூடு வெடிச்சு, கண்ணுக்கே போகும். கிரீடம் 1893க்கு அப்புறம் சேர்த்தது, ஆகவே உங்களோடது அதுக்கு முன்னாடிது. காட்சிக்கு வெச்சுக்குங்க, ஹேமரைச் சும்மாத் தட்டவும் வேண்டாம்.