எபொக்சியில் காபன் நனோகுழாய்: கலந்தும் மின் கடத்துதில்லை

கேள்வி:
மின் கடத்துற தகடு செய்ய, 100 கிராம் எபொக்சிப் பிசினுக்கு 1 கிராம் பல்சுவர் காபன் நனோகுழாய் (ஒண்டுக்குள்ள ஒண்டாக் கன சுவர் உள்ள, கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழாய்) போட்டது. கண்ணாடிக் கோலால அரை மணித்தியாலம் கலக்கி, ஹாட்னர் (பிசினை இறுக வைக்கிறது) விட்டு வார்த்தது. தகட்டில மல்டிமீற்றர் வைச்சால் ஒண்டும் காட்டுதில்லை. குழாயைக் கூட்டிப் போடவோ?

மறுமொழி 1:
கூட்டாதேங்கோ, பிசின் களியாகி காற்றுக்குமிழிதான் மிஞ்சும். குழாய் நல்லாப் பிரிஞ்சு பிசின் முழுக்கப் பரவினால் 0.5% உம் காணும். கோலால கலக்கினால் குழாய்க் கட்டி உடையாது. ஒரு துளியை ரெண்டு கண்ணாடிக்கு நடுவில நசிச்சு வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ: கறுப்புப் புள்ளியும் இடையில தெளிஞ்ச பிசினும் தெரிஞ்சால் அதுதான் பிழை. மூன்று உருளை ஆலை (உருளைகளுக்கு நடுவில பிசினை நசிச்சுக் கலக்கிற மெசின்) கிடைச்சால் திறம். அல்ட்ராசோனிக் புரோப் (ஒலி அதிர்வால கட்டியை உடைக்கிற கோல்) எண்டால் சூடேறாமல் பாத்திரத்தை ஐசுக்குள்ள வைச்சு, விட்டு விட்டு ஓட்டுங்கோ. கனநேரம் ஓட்டினால் குழாய் முறிஞ்சு குட்டையாகும், கடத்தலும் விழும். ஹாட்னர் கடைசியாத்தான்.

மறுமொழி 2:
அதுக்கு முதல் அளக்கிற விதத்தைப் பாருங்கோ. வார்ப்பின்ர மேற்தோல் அனேகமா வெறும் பிசின். சான்ட் பேப்பரால தேய்ச்சு, சில்வர் பெயின்ற் பூசி, அதில வயரை ஒட்டி அளவுங்கோ. காபொக்சில் ஏத்தின (அமிலத்தில போட்டு, சுவரில காபொக்சில் கூட்டம் ஒட்ட வைச்ச) குழாயோ எண்டும் பாருங்கோ. லேசாப் பிரியும், ஆனா அமிலம் சுவரைக் கெடுத்திருக்கும், கடத்தல் குறையும்.

கேள்வி கேட்டவர்:
சாதாரண குழாய்தான். அசற்றோன் விட்டு இளக்கலாமோ?

மறுமொழி 1:
இளக்கலாம். ஆனா ஹாட்னருக்கு முதல் முழுக்கப் போகவேணும், தராசில நிறை மாறாமல் நிக்கும்வரை. மிச்சம் நிண்டால் தகடு ரப்பர் மாதிரி இருக்கும். ஆவி லேசில தீப்பிடிக்கும், அடுப்பில சூடாக்காதேங்கோ. உலர்ந்த தூளை நிறுக்கேக்க N95 முகமூடி கட்டாயம், மின்விசிறியை நிப்பாட்டுங்கோ.