அப்பத்தா பல்செட்டில் வெற்றிலைக் கறை, என்ன போட்டால் போகும்?

கம்பத்துப் பேரன்:
அப்பத்தாவுக்கு 78 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலும் கீழும் முழு பல்செட் கட்டினோம். போட்ட ஒரு மாதத்திலேயே வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டது. இப்போது மேல்வரிசை முன்பல் நாலும் செங்கல் நிறம், கீழ்செட்டில் முன்பல்லுக்குப் பின்பக்கம் கறுப்பாக ஏதோ படிந்து தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. அம்மா தினமும் பேஸ்ட் போட்டுத் தேய்தேய் என்று தேய்க்கிறார், கறை அப்படியேதான் இருக்கிறது, பளபளப்புதான் போய்விட்டது. அடுத்த மாதம் தம்பி கல்யாணம், போட்டோவில் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது அப்பத்தா. பக்கத்து வீட்டு அக்கா, வெள்ளைத் துணிக்கு ஊற்றும் ப்ளீச்சில் ராத்திரி முழுக்க ஊறப்போடச் சொல்கிறார். செய்யலாமா? இல்லை, பல்லை வெளுப்பாக்க ஒட்டுகிற பட்டை விற்கிறார்களே, அது இதற்கு ஒத்துவருமா?

செட்டுக்காரர்:
பல் லேபில்தான் வேலை பார்க்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லி பேஸ்ட்டை நிறுத்துங்கள். பல்செட் அக்ரிலிக், அதாவது ஒருவகை பிளாஸ்டிக், நம் பல்லின் எனாமல் மாதிரி கடினம் கிடையாது. பேஸ்ட்டில் இருக்கும் தேய்ப்புப் பொடி அதைக் கண்ணுக்குத் தெரியாத மாதிரி கோடு கோடாகக் கீறிவிடும், அடுத்து போடுகிற வெற்றிலைச் சாறு அந்தக் கீறலுக்குள்தான் போய் உட்காரும். தேய்க்கத் தேய்க்கக் கறை கூடுகிறது என்று நிறையப் பேர் புலம்புவது இதனால்தான். பல்பொடி, சாம்பல், கரித்தூள் எல்லாமே இதே கணக்கு.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. சிவப்பு, பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து ஏறிய சாயம். சொரசொரப்பு சாயம் இல்லை, பற்காரை. எச்சிலில் இருக்கும் கால்சியம் படிந்து கல்லாகிவிட்டது, எச்சில் சுரந்து வருகிற துளை அங்கே பக்கத்தில் இருப்பதால் கீழ் முன்பல்லுக்குப் பின்னால்தான் அதிகம் கட்டும். அதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, மெதுவான பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரே நாளில் போகாது, நாலைந்து நாள் பொறுமை வேண்டும். கத்தி, ஊசி கொண்டு சுரண்டக் கூடாது.

சாயத்துக்கு மெடிக்கலில் கிளின்சோடென்ட், ஃபிட்டிடென்ட் மாதிரி மாத்திரை கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும், அட்டையில் போட்டிருக்கிற நேரம் வரைக்கும் செட்டை ஊறவிட்டு, நன்றாக அலசிய பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். இந்த மாத்திரையை பிரஷர் மாத்திரை டப்பா பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விழுங்குகிற மாத்திரை இல்லை இது.

ப்ளீச் விஷயத்தில் அந்த அக்கா சொன்னதைக் கேட்காதீர்கள். ராத்திரி முழுக்கப் போட்டால் கறையோடு ஈறின் ரோஸ் நிறமும் வெளுத்துவிடும். கம்பி, உலோகம் வைத்த செட்டாக இருந்தால் அரித்தே விடும். அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர்கள் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, அந்த வகைத் திரவத்தில் 10 நிமிஷத்துக்கு மேல் வைக்காதே என்றுதான் இருக்கிறது. அதைவிட முக்கியம், வினிகரையும் ப்ளீச்சையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஒட்டுகிற பட்டை நிஜப்பல்லுக்கு மட்டும்தான், அக்ரிலிக் பல்லின் நிறத்தை அது மாற்றாது.

வைகைக்கரை:
ப்ளீச் இல்லாவிட்டால் வெந்நீர் என்று கிளம்பிவிடாதீர்கள். கிருமி சாகட்டும் என்று அப்பா செட்டை இட்லிப் பானைத் தண்ணீரில் கொதிக்கவிட்ட புத்திசாலி நான்தான். எடுத்துப் பார்த்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, வாயில் வைத்தால் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. புதுசு கட்ட வேண்டியதாகிவிட்டது. அப்பா இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறார்.

மணிமாலா:
எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே? எங்கள் வீட்டில் அப்படித்தான்.

செட்டுக்காரர்:
பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்ல வைத்தியம் அக்கா. செட்டை உப்பும் கீறும். தினசரிக்குப் பாத்திரம் விளக்கும் லிக்விட் ஒரு சொட்டும் பச்சைத் தண்ணீரும் போதும். கழுவும்போது கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் உடைந்து வருகிற செட்டில் நிறைய, கைநழுவி விழுந்தவைதான்.

வார்டு சிஸ்டர்:
நிறம் இருக்கட்டும், ராத்திரி கழற்றுகிறாரா? கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், காய விட்டாலும் வடிவம் மாறும். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரை வைத்துச் செய்த ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது தெரிந்தது. செட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். அண்ணம் சிவந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. வெள்ளைத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல் இருந்தால் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்ட விஷயம், புகையிலை சேர்க்காவிட்டாலும்தான். இன்னொன்று, குளோரெக்சிடின் மவுத்வாஷ் ஏதாவது கொப்பளிக்கிறாரா? அதுவும் பழுப்புக் கறை ஏற்றும், மேலே காபியும் குடித்தால் கேட்கவே வேண்டாம்.

கம்பத்துப் பேரன்:
பத்து நாள் ஆச்சு, எல்லோருக்கும் நன்றி. காரை ஐந்தாம் நாளே உதிர ஆரம்பித்துவிட்டது. மாத்திரையில் சிவப்பு முக்கால்வாசி போய், முன்பல் இரண்டில் மட்டும் மஞ்சளாக நிற்கிறது. செட் கட்டிய டாக்டரிடமே கொண்டுபோனோம், மெஷினில் பாலிஷ் போட்டுக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. வாயையும் பார்த்தார், அண்ணத்தில் பூஞ்சைதான், மருந்து கொடுத்திருக்கிறார். சிஸ்டர், நீங்கள் சொல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டோம்.

வெற்றிலையை விடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், அப்பத்தா காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. செட்டைக் கழற்றி வைத்துவிட்டு முன்பு மாதிரி உரலில் இடித்துப் போட்டுக்கொள்கிறேன், வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் செட்டை மாட்டுவேன் என்று பேரம் பேசுகிறது. பழைய வெற்றிலை உரலைத் தேடி வீடே தலைகீழாகக் கிடக்கிறது, எடைக்குப் போட்டதே அம்மாதான் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.