புதுச் சக்கரங்கள் வழுக்கிய சிக்கல்: புதுப்பிப்பு

என் நான்கு சக்கர ஸ்கேட்டில் மாட்டிய 95ஏ (கடினத்தன்மை அளவு) சக்கரங்கள் உள்ளரங்க மரத்தளத்தில் வளைவுதோறும் வழுக்குகின்றன என்று இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். வழுக்கல் நின்றுவிட்டது!

காரணம் கடினத்தன்மை அல்ல. சக்கரத்தை வார்த்த அச்சிலிருந்து வந்த பளபளப்பான மேல்தோல்தான். சொரசொரப்பான கான்கிரீட் தரையில் இருபது நிமிடம், நேராக அல்லாமல் இடமும் வலமும் வளைந்து வளைந்து ஓட்டினேன். மினுமினுப்பு மங்கியதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் தேய்ப்பது சக்கரத்துக்குச் செய்யும் அநியாயம். பிறகு பேரிங்குகளை (சக்கரம் சுழல உதவும் உலோக வளையங்களை) கழற்றி வைத்துவிட்டுச் சோப்புநீரில் கழுவினேன். இதைத் தவிர்க்காதீர்கள்: ஒட்டிய கல்துகள் மரத்தளத்தைக் கீறிவிடும், பேரிங்கில் தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும்.

மறுநாள் முதல் வளைவிலேயே பிடிமானம் கிடைத்தபோது எவ்வளவு மகிழ்ச்சி!

சக்கரங்களைத் திரும்ப மாட்டும்போது நட்டை முழுதாக இறுக்கிவிட்டு, சக்கரம் ஆடாமல் தாராளமாகச் சுழலும் வரை சற்றே தளர்த்தினேன். அரங்கில் எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவதால் தேய்மானம் சமமாக இருக்காது. ஆகவே முன்பக்க உள்சக்கரத்தையும் பின்பக்க வெளிச்சக்கரத்தையும் அவ்வப்போது இடம் மாற்றப் போகிறேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.