மறதி நோயில் வரும் சந்தேகத்துக்கும் ஆத்திரத்துக்கும் மாத்திரை தரலாமா?

மஞ்சக்குப்பம் வாசகி:
என் கணவருக்கு அல்சைமர் நோய். ஓய்வூதியப் பாஸ்புக்கை அவரே அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நான் திருடி என் தம்பியிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கை ஓங்குகிறார். பொழுது சாய்ந்தால் காபியில் விஷம் கலந்திருக்கிறேன் என்று வாசலில் கொட்டிவிடுகிறார். மருத்துவர் குறைந்த அளவில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தை எழுதியிருக்கிறார். என் மைத்துனரோ கூடவே கூடாது என்கிறார்.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
உங்கள் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. இவ்வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் உயிருக்கே ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. சுமார் 10 வாரச் சோதனைகளில் மருந்து உண்டவர்களில் ஏறத்தாழ 4.5 சதவீதத்தினரும், மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் 2.6 சதவீதத்தினரும் இறந்தார்கள். ஆத்திரம் திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பல்வலி ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:
செவிலியர் அம்மா சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டவரைக் கணக்கில் எடுக்கவில்லையே! என் மனைவிக்குத் தொற்று இல்லை, வலி இல்லை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. என்னை வீடு புகுந்த திருடன் என்று நம்பி அவர் அரிவாள்மனையைத் தூக்கிய பிறகுதான் மாத்திரைக்குச் சம்மதித்தேன். இப்போது என் கையால் சாப்பிடுகிறார். கொஞ்சம் நடை தளர்ந்திருப்பது உண்மைதான்; அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
அடிதடி வரை போன பிறகு கொடுப்பதை நானும் எதிர்க்கவில்லை, ஐயா. பாஸ்புக் காணவில்லை என்ற புலம்பலுக்கே தொடங்குவதைத்தான் எதிர்க்கிறேன். அந்தப் புலம்பலுக்கு, "நான் எடுக்கவில்லை" என்று வாதாடாமல், அவரோடு சேர்ந்து தேடுவது பல நேரங்களில் போதும். இல்லாத குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவது, உடல் விறைப்பது போன்றவை இருந்தால் அது லூவி பாடி என்னும் வேறு வகை மறதி நோயாக இருக்கலாம். அந்த வகை நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் பெருங்கேடு செய்யும். மாத்திரையைக் காபியில் கலக்கும் யோசனையும் வேண்டாம். ஒருமுறை அவர் கண்டுபிடித்துவிட்டால் விஷம் என்ற பயம் அவரைப் பொறுத்தவரை மெய்யாகிவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:
கை ஓங்குகிறார் என்று அவர் எழுதியிருப்பது வெறும் புலம்பலா? அடி விழும்வரை காத்திருக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காபியில் கலக்கக் கூடாது என்பதை மட்டும் ஏற்கிறேன். அம்மா, தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் மருத்துவரிடம் கேளுங்கள். சரியான அளவில் 4 வாரம் கொடுத்தும் பலனில்லையென்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், பலனிருந்தாலும் 4 மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டி சொல்கிறது.

மஞ்சக்குப்பம் வாசகி:
நாளை சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். அதில் ஒன்றுமில்லை என்றால் தொடங்கிவிடுவதாகவே இருக்கிறேன்.