போர்டிகோவா, போர்ச்சா? வீட்டு பிளானில் எது சரி?

ரசமட்டம்:
மதுரையில் ஆனையூரிலிருந்து அவனியாபுரம் வரை எந்த வீட்டு பிளானை விரித்தாலும், கார் நிற்கிற இடத்துக்கு 'போர்டிகோ' என்றுதான் எழுதியிருக்கிறது. தப்பு. போர்டிகோ என்பது தூண் வரிசை தாங்கும் முகப்பு, கோயில் முகமண்டபம் மாதிரி. இரண்டு பில்லர் மேல் 10-க்கு 15 அடி சிலாப் போட்டால் அது போர்ச்.

சொல்வேட்டை:
இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அண்ணே. லத்தீனில் 'போர்ட்டா' வாசல், 'போர்ட்டிகஸ்' தூண் வைத்த நடை. அது பிரெஞ்சில் தேய்ந்து 'போர்ஷ்' ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இத்தாலியில் அவ்வளவாகத் தேயாமல் நின்ற 'போர்டிகோ' 1600-களின் தொடக்கத்தில் தனியாக வந்து சேர்ந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள நடை, நம்ம இடைகழி, தேய்ந்து ரேழி ஆன கதைதான்.

ரசமட்டம்:
உவமை உதைக்கிறது. இடைகழி என்றாலும் ரேழி என்றாலும் இடம் ஒன்றுதான். திருக்கோவலூர் இடைகழிக்கு அளவே சொல்லிவைத்திருக்கிறார்கள்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். போர்ச்சும் போர்டிகோவும் அப்படியா? பிறப்பு ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமா?

மாசிவீதி:
இம்புட்டு சண்டை எதுக்கு? 'முன்றில்' என்று எழுதுங்க. வராந்தாகூட நம்ம தாழ்வாரத்திலிருந்து போனதுதானே?

சொல்வேட்டை:
முன்றில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் வெளி. 'இல்முன்' மாறி நின்ற இலக்கணப்போலி. கூரை கிடையாது, கார் வெயிலில் காயும்.

வராந்தாவும் தாழ்வாரம் இல்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பயணக் குறிப்பிலேயே 'வரண்டா' இருக்கிறது. அப்போதுதான் கரையிறங்கியவர் இங்கே கற்று எழுதியிருப்பார் என்பது நம்பும்படி இல்லை. ஸ்பானியத்தில் 'பரண்டா' என்றால் கைப்பிடிக் கம்பி. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் இந்தியா வழியாகப் போனதால்தான் இந்த மயக்கம்.

ரசமட்டம் அண்ணனுக்கு: 'போர்ச்' என்று எழுதினால் மட்டும் தெளிவாகிவிடுமா? இங்கிலாந்தில் அது பெரும்பாலும் கதவுக்கு முன்னால் சின்ன மறைப்பு. அமெரிக்காவில் நாற்காலி போட்டு உட்காரும் நீளத் திண்ணை. வண்டி வந்து நிற்கும் கூரைக்கு ஆங்கிலக் கட்டடக்கலையில் 'போர்ட் கொஷேர்' என்று பெயர். பிரெஞ்சில் அதுவோ வண்டி நுழையும் கதவு, கூரையே இல்லை! கதவு என்ற சொல்லை அவர்கள் கூரைக்கு வைத்துக்கொள்ளலாம், மதுரைக்காரன் போர்டிகோவில் கார் நிறுத்தக் கூடாதா?

ரசமட்டம்:
பேச்சில் வைத்துக்கொள்ளட்டும். எஸ்டிமேட்டில்தான் வில்லங்கம். 'போர்டிகோ சேர்த்து' என்று ஒற்றை வரி. வேலை முடிந்ததும் அதற்கு முழுச் சதுர அடி ரேட்டா, பாதி ரேட்டா என்று தகராறு.

உயரமும் அப்படித்தான். கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் விட்டமான லிண்டலின் 7 அடி மட்டத்தில் சிலாப்பை நீட்டுவதா, 10 அடி கூரை மட்டத்திலா என்று எழுதுவதே இல்லை. லிண்டல் மட்டத்தில் நீட்டினால் சிலாப்பும் சுவரும் சேரும் மூலையில் மழைத்தண்ணி தேங்கி ஹால் சுவர் ஓதம் காக்கும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் விட்டு, அந்த மூலையை உருட்டிப் பூச வேண்டும். விளிம்புக்கு அடியில் அரை அங்குலக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்காவிட்டால் தண்ணி அடிப்பக்கமாகவே ஊர்ந்து உள்ளே வரும்.

சொல்வேட்டை:
அப்படியானால் குறை சொல்லில் இல்லையே அண்ணே. 'போர்ச்' என்று எழுதினாலும் அதே தகராறுதான் வரும். நீளம், அகலம், எந்த மட்டம், என்ன ரேட் என நாலையும் பக்கத்தில் எழுதட்டும்.

ரசமட்டம்:
நாலையும் எழுதட்டும். ஆனாலும் இரண்டு பில்லரைப் போர்டிகோ என்று நான் சொல்ல மாட்டேன்.

மாசிவீதி:
கொத்தனார்கிட்ட போர்ச்சுன்னு சொல்லிப் பாருங்க. "எது, போர்டிகோவா?"ன்னு திருப்பிக் கேப்பாரு.