கென்னடி கையெழுத்து அசல்தானா? பார்த்துச் சொல்லுங்கள்

நண்பர்களே, பாஸ்டனில் ஒரு பழம்பொருள் கடையில் ஜான் எஃப். கென்னடி கையெழுத்துள்ள தட்டச்சுக் கடிதம் விலைக்கு வந்திருக்கிறது. 1959இல், செனட்டராக இருந்தபோது வாக்காளர் ஒருவருக்கு அனுப்பிய நன்றிக் கடிதம். பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

ஆனால் கென்னடி கையெழுத்து லேசில் பிடிபடாது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. செயலாளர் ஈவ்லின் லிங்கனும் அவர் பெயரில் போட்டிருக்கிறார். போதாததற்கு, ஒரு மாதிரிக் கையெழுத்தைப் பார்த்து அதேபோல் பேனாவால் போடும் ஆட்டோபென் இயந்திரம் வேறு. இயந்திரம் போட்டதென்றால் இன்னொன்றின் மேல் வைத்தால் அப்படியே பொருந்தும், மை ஒரே சீராக இருக்கும். சரி, செயலாளர் போட்டதை எப்படிப் பிரிப்பது? அதே காலத்து அசல் வைத்திருப்பவர்கள் படம் பகிர முடியுமா? அப்புறம், மடிப்பும் பழுப்பும் விலையை எவ்வளவு குறைக்கும்? ஞாயிறு வரை எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.